மறியலுக்குள் போதையை விடுவது: உள்ளே போனவருக்கும் வீட்டாருக்கும்

"மகனை மறியலில் போட்டுவிட்டார்கள்" என்று கொழும்பில் ஒரு தாய் சொன்னால், நான் முதலில் கேட்பது எந்த மறியல் என்றுதான். வெலிக்கடைச் சிறை, மகசின் சிறை, கொழும்பு விளக்கமறியல் சாலை எல்லாம் பொரளையில் பேஸ்லைன் வீதிப் பக்கம் ஒன்றையொன்று அடுத்தே இருக்கின்றன. பிழையான வாசலில் வரிசையில் நின்று ஒரு நாளை வீணாக்கியவர்கள் நிறையப் பேர். வெலிக்கடை என்ற பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்குத் தமிழ்க் கைதிகள் அங்கே கொல்லப்பட்ட 1983 ஜூலை நினைவுக்கு வருவதும், அதனால் வயிறு கலங்குவதும் எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அந்த வாசலில் நிற்கும் தமிழ்க் குடும்பங்களில் பல குடு (ஹெரோயின்), ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) வழக்குகளோடு வந்தவை. நாட்டில் தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கதையும் இதுதான்.

உள்ளே கைத்தொலைபேசிக்கு அனுமதியில்லை. ஆகவே இதைப் படித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அம்மாவாக, மனைவியாக, அக்காவாக இருக்கும். படித்துவிட்டு, பார்க்கப் போகும்போது ஒரு தடவைக்கு ஒரு விஷயமாகச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக் கதைக்கும் இடத்தில் அதற்கு மேல் காதில் ஏறாது.

போதையை விடப் பார்க்கிறவர்கள் உள்ளே நடத்தும் கூட்டங்களுக்கு நான் வெளியிலிருந்து போய்வருகிறவன். வைத்தியனும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை.

முதல் வாரம் உடம்புக்கு

மனம் திருந்துவது, சாமி கும்பிடுவது எல்லாம் இரண்டாவது வாரத்துக்கு. முதல் வாரம் உடம்பு தப்ப வேண்டும்.

குடு எடுத்தவருக்குக் கடைசியாக இழுத்து 6 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கும். கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், கண்ணீர், பிறகு எலும்பு உளைச்சல், வாந்தி, வயிற்றோட்டம். இரண்டாம் மூன்றாம் நாள் மிக மோசம், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். நித்திரை மட்டும் திரும்பி வர வாரக்கணக்காகும். இதனால் ஆள் சாவது அரிது. ஆனால் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து. முடியாவிட்டாலும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குடிகாரர் விஷயம் வேறு. கசிப்போ சாராயமோ, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இரண்டு முதல் நான்காவது நாளுக்குள் ஆள் தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலோடு நடுங்கினால் அது உயிர்போகும் நிலை. தூக்கக் குளிசைகளை அளவுக்கு மேல் விழுங்கிப் பழகியவருக்கும் வலிப்பு வரும். "சாராயம்தானே, குடு இல்லையே" என்று வீட்டார் ஆறுதல் அடைவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். நிறுத்தும் நாட்களைப் பொறுத்தவரை சாராயம்தான் அதிகம் பயப்பட வேண்டியது.

ஐஸ் எடுத்தவர் முதல் இரண்டு மூன்று நாள் தூங்கித் தள்ளுவார். எழும்பினால் அகோரப் பசி. அதற்குப் பிறகு வருவதுதான் கவனிக்க வேண்டியது: எதிலும் பிடிப்பில்லாத வெறுமை, செத்தால் நல்லது என்ற எண்ணம். பக்கத்துப் பாயில் படுப்பவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்று: உள்ளே எடுக்கும்போது பார்க்கும் வைத்தியரிடம் உண்மையைச் சொல்வது. என்ன எடுத்தேன், எவ்வளவு, கடைசியாக எப்போது. "சொன்னால் வழக்குக்குப் பாதகமாகிவிடும்" என்று பயந்து வாய்மூடி இருக்கிறார்கள். எடுக்கிறவன் என்று சொல்வது வேறு, யாரிடம் வாங்கினேன் என்று சொல்வது வேறு. வைத்தியருக்கு முதலாவது போதும். சிங்களம் வராதவர் "மட்ட அசனீபய், பெஹெத் ஓனே" என்று இந்த நான்கு சொல்லையாவது பாடமாக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்குச் சுகமில்லை, மருந்து வேண்டும் என்பதுதான் அது. இரவில் வலிப்பு வந்தால் வாட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து காவலரைக் கூப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் கத்தினால் சண்டை என்று நினைத்துவிடுவார்கள்.

ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பது

எட்டாவது ஒன்பதாவது நாள் உடம்பு கொஞ்சம் தெளியும். அப்போதுதான் ஆசை உண்மையில் கதைக்கத் தொடங்கும். உள்ளேயும் பொருள் வரும், அதை மறைத்து எழுதிப் பயனில்லை. சிறைகளில் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள், காலை நீட்டிப் படுக்க இடமில்லை. அந்த நெருக்கத்தில் நமக்கு வேண்டாத ஆளும் பக்கத்தில்தான், வேண்டிய ஆளும் பக்கத்தில்தான்.

வேண்டிய ஆள் எப்படி இருப்பார்? உபதேசம் செய்கிறவராக இருக்கத் தேவையில்லை. கொஞ்சக் காலமாக எடுக்காமல் இருப்பவர், கடன் இல்லாதவர், பொழுதைச் சும்மா போக்காமல் வேலைக்கோ வகுப்புக்கோ போகிறவர், அடுத்தவரின் வழக்கைத் துருவிக் கேட்காதவர். கடைசியாகச் சொன்னது முக்கியம். முதல் நாளே "தம்பி, எவ்வளவோட பிடிபட்டீங்க, யாரோட பொருள்?" என்று கேட்கிற அண்ணனிடமிருந்து தள்ளியே இருங்கள். அவர் சாப்பாடு தந்தாலும், சோப்புத் தந்தாலும்.

அப்படி ஒருவர் கிடைத்தால் கேட்க வேண்டியது சின்ன விஷயம்: "அண்ணை, நானும் விடப் பார்க்கிறேன். ஆசை வந்தால் உங்களிடம் வந்து இருக்கலாமா?" அவ்வளவுதான். முஸ்லிம் சகோதரர் என்றால் "நானா". சிங்களவர் என்றால் "அய்யா" என்று கூப்பிட்டு, அரைகுறைச் சிங்களத்தில் கேட்டாலும் விளங்கும். பசியிலும் ஆசையிலும் மொழி அவ்வளவு குறுக்கே நிற்பதில்லை.

ஆசை வந்தால் அது அலை மாதிரி, ஏறி இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் உச்சம் கடந்துவிடும். அந்த அரை மணி நேரம் தனியாக இருக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஆள்.

கூட்டம் எப்படி நடக்கும்

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. 1935இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலம், அக்ரன் நகரத்தில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்தார்கள். ஒருவர் பங்குச் சந்தைக்காரர், மற்றவர் அறுவைச் சிகிச்சை வைத்தியர். இன்னொரு குடிகாரனோடு கதைத்துக்கொண்டிருந்தால் தனக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று பங்குச் சந்தைக்காரர் கண்டுபிடித்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் தொடக்கம். 1942இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில், அங்கே பொறுப்பதிகாரியாக இருந்த கிளின்டன் டஃபியின் ஆதரவோடு, சிறைக்குள் முதல் குழு தொடங்கியது. போதைப்பொருளுக்கான நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் 1953இல் வந்தது. கொழும்பிலும் இவற்றின் கூட்டங்கள் நடக்கின்றன. இவற்றைத் தவிர, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசகர்கள் சிறைகளுக்குள் போகிறார்கள். இதைக் கேட்டுப் பதிய வேண்டிய இடம் சிறையின் புனர்வாழ்வு உத்தியோகத்தர். உள்ளே பழைய ஆட்கள் இன்னமும் "வெல்ஃபெயார் மாத்தயா" என்றுதான் சொல்வார்கள்.

கூட்டம் என்றால் மேடை, மைக் எதுவும் இல்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஆறேழு பேர் வட்டமாக இருப்பது. தமிழில் தொடங்கி, பாதியில் சிங்களத்துக்குத் தாவி, திரும்பி வரும். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, இன்றைக்கு எடுத்தேனா இல்லையா என்று சொல்லி, மனதில் இருப்பதைக் கொஞ்சம் கதைப்பார். குறுக்கே கதைக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது.

புத்தி சொல்லாமல் இருப்பது நம் ஆட்களுக்கு மிகக் கஷ்டம். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மட்டக்குளிப் பக்கத்துப் பொடியன் ஒருவன், ஒவ்வொரு தடவையும் "எனக்குக் கதைக்க ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூத்தவர் "சரி தம்பி, இருந்து கேளுங்க" என்பார். அன்றைக்கு அவன் வாயைத் திறந்து, அம்மா குளிக்கும்போது கழற்றி வைத்த தோட்டை எடுத்து அடகு வைத்ததைச் சொன்னான். அம்மா வீடு முழுக்கக் கூட்டித் தேடினாராம், இவனும் சேர்ந்து தேடினானாம். வட்டத்தில் ஒரு சத்தமில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "நான் பெண்சாதியின் தாலிக்கொடியை வைத்தேன். மூழ்கிப்போச்சு." வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பொடியன்தான் முதலில் வந்து இடம் பிடித்து இருந்தான். ஆலோசகர் சான்றிதழோடு வந்து மணிக்கணக்கில் விளக்கினாலும் அந்த இரண்டு வசனம் செய்ததைச் செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

வெளியே நடக்கும் கூட்டங்களுக்கு இல்லாத ஒரு விதி சிறைக்குள் உண்டு. வழக்கைப் பற்றிக் கதைக்கக் கூடாது. இன்னும் தீராத வழக்கின் விவரம், பொருள் தந்தவரின் பெயர், கூட இருந்தவர்களின் பெயர் எதுவும் வாயில் வரக் கூடாது. வட்டத்தில் உள்ள எல்லோரும் நல்லவர்களாக இருந்தாலும் சுவருக்குக் காது இருக்கும் இடம் அது. "செய்த பிழையை ஒளிக்காமல் சொல்" என்று இந்த இயக்கங்களின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் வருவதை அம்மாவுக்கு, மனைவிக்கு, பிள்ளைக்குச் செய்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் சம்பந்தப்பட்டதைச் சட்டத்தரணியிடம் மட்டும். எழுதியும் வைக்காதீர்கள். சிறை அறையைச் சோதனை போடும்போது கொப்பியும் போகும்.

உங்கள் வாட்டில் கூட்டம் இல்லையென்றால்? இரண்டு பேர் போதும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே மூலை. காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூடினால் சதி என்று எடுத்துக்கொள்வார்கள், அது அவர்கள் பிழையுமில்லை.

சாமியை எதற்குக் கூப்பிடுவது

நம் வீடுகளில் வழமையாக நடப்பது இது. பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரத்தின் மேல் கைவைத்து "இனி வாழ்நாளில் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்குவது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றிச் செய்வார்கள். பள்ளிவாசலிலும் நடக்கும். அவன் அந்த நேரம் மனதாரத்தான் சத்தியம் பண்ணுவான். மூன்றாம் நாள் உடைந்தால் போதையோடு தெய்வக் குற்றமும் சேர்ந்துகொள்ளும், அந்தப் பயத்தைத் தாங்க இன்னும் கொஞ்சம் எடுப்பான்.

ஆகவே மறியலில் சத்தியம் கேட்காதீர்கள். வேண்டுமானால் இன்றைக்கு லொக்கப் பூட்டும் வரைக்கும் என்று ஒரு வேண்டுதல். பூட்டிய பிறகு, விடியும் வரைக்கும் இன்னொன்று.

வழிபாடு உள்ளே தரும் பெரிய உதவி நேரத்தைப் பிரித்துத் தருவது. சிறையில் நாள் முழுக்க ஒரே நிறம். ஐந்து நேரத் தொழுகை உள்ள ஆளுக்கு நாளில் ஐந்து இடத்தில் கைபிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. இந்துக்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லாததால் நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விடியத் திருநீறு பூசி ஒரு தேவாரம், பின்னேரம் ஒன்று. வேதக்காரருக்குச் செபமாலை இல்லாவிட்டால் நூலில் முடிச்சுப் போட்டாலும் எண்ணலாம், அப்படி ஒருவர் வைத்திருந்ததைப் பார்த்தேன், விரல் பட்டுப் பட்டு நூல் கறுத்துப்போயிருந்தது.

வெட்கத்தால் சாமியிடம் போகாதவர்களும் இருக்கிறார்கள். "நான் இருக்கிற இருப்புக்கு நான் எப்படிக் கும்பிடுவது?" அவர்களிடம் நான் சொல்வது: அடைபட்டுக் கிடந்த ஆட்களின் கதை எல்லா மார்க்கத்திலும் இருக்கிறது. அப்பரை நீற்றறையில் பூட்டினார்கள். யூசுப் நபி வருஷக்கணக்காகச் சிறையில் இருந்தார். பவுலும் சீலாவும் காலில் விலங்கோடு நடுராத்திரியில் பாடினார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள், நாம் அப்படியா என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கும்பிட்டுக்கொண்டே அதையும் கேளுங்கள் என்பேன்.

முதல் வாரத்தில் விரதம் வேண்டாம். நீர் வற்றிய உடம்பு தாங்காது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது முஸ்லிம்களுக்குத் தெரிந்ததுதான். வெளியிலிருந்து வரும் சமயக் குழுக்களில் பலர் உண்மையான அன்போடு வருகிறார்கள். சோப்பும் பற்பசையும் கொண்டுவருகிறார்கள். ஆனால் மதம் மாறினால்தான் உதவி என்று யாராவது சொன்னால் "நன்றி" என்று சொல்லி எழும்பிவிடலாம். நம்பிக்கையே இல்லாதவருக்கும் கூட்டத்தில் இடம் உண்டு. பன்னிரண்டு படிகளிலேயே கடவுள் என்பதை அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றுதான் இருக்கிறது.

தவணை நாளும் கடனும்

விளக்கமறியலில் இருப்பவர் சறுக்குவது பெரும்பாலும் வழக்குத் தவணையை ஒட்டித்தான். பிணை கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய், அடுத்த திகதி மட்டும் கிடைத்துப் பின்னேரம் வாட்டுக்குத் திரும்பும் ஆள் எதற்கும் தயாராக இருப்பார். தவணைக்கு முந்தின இரவும் திரும்பி வரும் பின்னேரமும் யாரோடு இருப்பது என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். வீட்டார் அன்றைக்கு நீதிமன்றத்துக்குப் போனால் "ஏன் இப்படிச் செய்தாய்" என்று தொடங்காதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். சிறு குற்றமென்றால் 1999இன் 46ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையும் உண்டு. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்று சட்டத்தரணியிடம் இந்தச் சட்டங்களின் இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள்.

கடன் விஷயம் சுருக்கமாக. தெரியாத இலக்கத்திலிருந்து அழைத்து "உங்கட மகன் எங்களுக்குச் சல்லி தர வேணும், இந்த நம்பருக்குப் போடுங்க" என்றால் போடாதீர்கள். ஒரு தடவை போட்டால் மாதா மாதம் அழைப்பு வரும். அழைத்த இலக்கத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு சிறை அதிகாரியிடம் நேரில் போய், மகனுக்குப் பாதுகாப்பான வேறு வாட் கேளுங்கள். மகனே அழுது காசு கேட்டாலும் இதுதான். பயமுறுத்தல் இருந்தும் யாரும் கேட்கவில்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு அழையுங்கள்.

வெளியே வரும் நாள்

நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். உள்ளே சில மாதம் எடுக்காமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து, முன்பு எடுத்த அதே அளவைக் குடு இழுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் மிகை அளவால் இறக்கும் ஆபத்து சாதாரண மக்களைவிட 129 மடங்கு என்று கண்டார்கள். திருந்திவிட்டான் என்று வீட்டில் பாயாசம் காய்ச்சும் அதே இரண்டு வாரம்.

விடுதலைத் திகதி தெரிந்ததும் வீட்டில் இருந்து இவற்றைப் பேசி முடியுங்கள். வாசலில் யார் நிற்பது? பழைய கூட்டாளிகளின் முச்சக்கரவண்டி அங்கே வந்து நிற்பதற்கு முன் நீங்கள் நிற்க வேண்டும். நேரே பழைய தோட்டத்துக் குடியிருப்புக்கே கூட்டிப்போவதா, கொஞ்சக் காலம் சித்தி வீட்டிலா? முடிந்தால் சித்தி வீடு. கையில் காசு கொடுப்பதா? முதல் நாட்களில் பஸ் காசுக்கு மேல் வேண்டாம், ஆனால் அதை அவரோடு பேசியே முடிவெடுங்கள், ஒளித்துவைத்தால் மானப்பிரச்சினையாகும். முதல் கூட்டத்துக்கு யார் கூட்டிப்போவது, எந்த நாள்? வந்த பிறகு பார்க்கலாம் என்றால் அந்தப் பார்க்கலாம் வராது.

கொழும்பில் கதைக்க இடங்கள் இருக்கின்றன. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி 1927. அவர்களின் சிகிச்சை நிலையம் ஒன்று தலங்கமையில் இருக்கிறது. ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் உதவுகிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று எடுத்த உடனேயே கேளுங்கள். ஒரு தடவை கிடைக்காவிட்டால் எப்போது கிடைப்பார் என்று நேரம் கேட்டு வைத்துக்கொண்டு மறுபடி எடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும்கூட, ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவையுங்கள். தட்டினாலும் எழும்பாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ வழமையில்லாத குறட்டை கேட்டாலோ, "நல்லாத் தூங்குறான்" என்று விடாதீர்கள். 1990 சுவசெரிய ஆம்புலன்சுக்கு அழையுங்கள், அது இலவசம். வரும் வரைக்கும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வாந்தி இருந்தால் வழித்துவிட்டு, பக்கத்திலேயே இருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வந்தவர்களிடம் குடு எடுத்தவர் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பொலிஸ் வருமோ என்ற யோசனையை அந்த நேரத்தில் தள்ளிவையுங்கள்.

மறுபடி எடுத்துவிட்டார், ஆனால் உயிரோடு இருக்கிறார் என்றால் அன்றைக்குப் பின்னேரமே கூட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். குளிக்கவைத்து, ஒரு பிளேன்டீ கொடுத்து. அங்கே யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், பெயரைச் சொல்லி "இன்றைக்கு எடுத்தேன்" என்று சொன்னால் போதும்.